கட்டத்துக்குள் அடங்காத ஊர்

பொம்மனஹள்ளியில் என் தங்கை குடியிருக்கும் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையில் இறங்கி நடக்க வேண்டும். கீழே மளிகைக் கடை, மாடியில் குடித்தனம், அதற்கும் மேலே தகரக் கூரையின் கீழ் நாலைந்து தையல் மெஷின்கள். சந்தில் உள்ள கட்டிடங்களில் பாதி இந்த ரகம்தான். சென்ற முறை போயிருந்தபோது பி.யூ.சி. படிக்கும் தங்கை மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அமெரிக்காவில் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

"லெவிட்டவுன் மாமா, நியூயார்க் பக்கத்துல. நிஜ ஊர்" என்றான்.

நகரம் கட்டும் விளையாட்டுகளில் இது தனி மோகம். கற்பனை நகரத்தில் அலுத்தவர்கள், நிஜமான ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து, தெருத் தெருவாக அப்படியே வரைகிறார்கள். பையன் பயன்படுத்தியது ஃபின்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்கி 2015-ல் வெளிவந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. இந்த வகைக்கெல்லாம் மூத்தது, 1989-ல் அமெரிக்கரான வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி'. குண்டு போடும் விளையாட்டு ஒன்றுக்காக ஊர்களை வரைந்தவர், அழிப்பதைவிடக் கட்டுவதில்தான் சுவாரஸ்யம் என்று கண்டுகொண்டார். நகரத்தை ஓர் இயந்திரம் போல் கணக்கிட முடியும் என்று ஜே ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியர் 1969-ல் எழுதிய புத்தகமும் அவருக்குக் கைகொடுத்தது.

லெவிட்டவுனைப் பையன் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அந்த ஊரே விளையாட்டு மாதிரி கட்டப்பட்டதுதான். உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 முதல் 1951-க்குள் லெவிட் கம்பெனி 17,447 வீடுகளை எழுப்பியது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளி நகர்ந்தார். ஒரு கோஷ்டி தளம் போட்டுவிட்டுப் போகும், அடுத்தது சட்டம் நிறுத்தும், அதற்கடுத்தது பெயின்ட் அடிக்கும். வேகம் பிடித்த நாட்களில் தினம் 30 வீடுகள். காலி நிலம், ஒரே முதலாளி, ஒரே மாதிரி வீடு. ஒன்றை வரைந்தால் மற்றதை நகலெடுக்கலாம்.

ஆனால் நகலில் வராத ஒன்று உண்டு. லெவிட்டவுனின் ஆரம்பகால ஒப்பந்தங்களில், வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரராக இருந்தால் பரவாயில்லை. போரிலிருந்து திரும்பிய கறுப்பு சிப்பாய்க்கு அந்த ஊரில் இடமில்லை. பையனின் திரையில் புல்வெளி இருக்கிறது, வேலி இருக்கிறது, புகைபோக்கிகூட இருக்கிறது. நிபந்தனை மட்டும் இல்லை. வரைபடம் கட்டியதைக் காட்டும். யாரைச் சேர்க்கவில்லை என்பதைக் காட்டாது.

"அது இருக்கட்டும். உங்க பொம்மனஹள்ளியைக் கட்டேன் பார்ப்போம்" என்றேன். இரண்டு வாரம் கழித்து போன் செய்தான். "முடியல மாமா."

முடியாததன் காரணங்கள்தான் விஷயம்.

முதலில் அளவு. அந்த விளையாட்டில் மிகச் சிறிய கட்டம் 8 மீட்டருக்கு 8 மீட்டர். பெங்களூரில் ஏழை, நடுத்தரக் குடும்பங்களின் கனவான '20-30 சைட்' 20 அடி அகலம், அதாவது சுமார் 6 மீட்டர். அகலத்தில் ஒற்றைக் கட்டத்துக்குள்ளேயே நம் வீடு அடங்கிவிடுகிறது, இடம் மீதியும் இருக்கிறது.

அடுத்தது வண்ணம். சிம்சிட்டியில் குடியிருப்புக்குப் பச்சை, வியாபாரத்துக்கு நீலம், தொழிலுக்கு மஞ்சள். மளிகைக் கடைக்கு மேல் குடித்தனம், அதற்கு மேல் தையல் கூடம் என்றால் என்ன நிறம் அடிப்பது? 2023-ல் வந்த ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகம் கடையும் வீடும் சேர்ந்த கட்டிடத்தை ஒருவழியாக ஏற்றுக்கொண்டது. நம் சந்துகள் அதைக் கேட்டுக்கொண்டு வளரவில்லை.

ஹோசூர் சாலையின் மறுபுறம் எச்.எஸ்.ஆர். லே-அவுட்டை அவன் சுலபமாகக் கட்டிவிட்டான். அது பெங்களூர் வளர்ச்சி ஆணையம் கோடு போட்டு மனை பிரித்த பகுதி. பொம்மனஹள்ளியோ கிராமமாக இருந்து, வயல் வயலாகக் கைமாறி, வயல் வரப்பே தெருவாகி, தனி நகரசபையாக வளர்ந்து, 2007-ல் பெருநகர மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. இப்படி வளர்ந்த பகுதிகளின் வீடுகளுக்கு 'பி-காதா' என்று தனிப் பதிவேடு உண்டு. வரி வாங்கிக்கொள்வார்கள், முழு அங்கீகாரம் தர மாட்டார்கள். பி-யை ஏ-யாக மாற்றும் திட்டத்தை அரசு அறிவிக்க 2025 வரை ஆயிற்று. விளையாட்டில் மேயர் வரி வாங்கினால் வீடு இருக்கிறது என்று அர்த்தம். நிஜத்தில் வரி கட்டியும் வீடு சந்தேகத்துக்குரியது.

பிறகு தண்ணீர். 1989 சிம்சிட்டியில் தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது. சாலை போட்டு, மின்சாரம் கொடுத்தால் ஜனங்கள் வந்துவிடுவார்கள். குழாய் பதிக்கும் வேலை அடுத்த பாகத்தில்தான் வந்தது. இங்கே காவிரி சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு வர வேண்டும். மாநகராட்சியோடு 2007-ல் இணைந்த 110 கிராமங்களுக்கென்று ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது 2024 அக்டோபரில். இடையில் 17 வருஷம் போர்வெல், டாங்கர் லாரி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்த ஏரிகளையும், அவற்றை இணைத்த ராஜகால்வாய்களையும் வீடுகள் நெருக்கிவிட்டன. 2019 நவம்பரில் பொம்மனஹள்ளி மண்டலத்து ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்தபோது, தண்ணீர் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது.

கடைசியாக, மனிதர்கள். 2016-ல் வருங்கால வைப்பு நிதியை 58 வயதுக்கு முன் முழுதாக எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஏப்ரல் 18 அன்று ஆயத்த ஆடை ஆலைகளின் பெண்கள் பொம்மனஹள்ளியில் ஹோசூர் சாலையில் இறங்கினார்கள். போக்குவரத்து நின்றது. மறுநாளும் நின்றது. அன்றே அரசு விதியை வாபஸ் வாங்கியது. எந்தக் கட்டத்திலும் தனி நிறம் பெறாத பெண்கள் டெல்லியை இரண்டே நாளில் திருத்தினார்கள்.

விளையாட்டு விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். அதைச் செய்தவர்களுக்கே அதன் குறை தெரியும். 2013 சிம்சிட்டியின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்ட், அமெரிக்கக் கடைகளின் கார் நிறுத்துமிடங்களை அளந்து பார்த்துத் திகைத்தார். உள்ளபடி காட்டினால் ஊரே பார்க்கிங் மைதானமாகி அலுப்புத் தட்டும் என்று, அவை பூமிக்கடியில் இருப்பதாகப் பாவித்துக்கொண்டோம் என்று சொன்னார். நேர்மையான மனிதர்.

நம் மாஸ்டர் பிளான்கள் அவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை. அவற்றிலும் குடியிருப்பு, வணிகம், தொழில் எனத் தனித்தனி நிறங்கள்தான். பெங்களூரின் 2015-க்கான திட்டம் 2007-ல் ஒப்புதல் பெற்றது. 2031-க்கென்று தயாரான வரைவு கைவிடப்பட்டது. ஊர் காத்திருக்கவில்லை. 2010-ல் தலைக்கு மேல் விரைவுச் சாலை வந்தது, 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்தது, பொம்மனஹள்ளி என்ற பெயரிலேயே ஸ்டேஷனும் வந்தது. ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தால் தகரக் கூரைகள் தெரிகின்றன. திட்டப் படத்தில் அவை வெறும் மஞ்சள்.

பையனை விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். லெவிட்டவுன் சுலபமாக வந்ததற்கும் சொந்தத் தெரு வராமல் அடம்பிடித்ததற்கும் காரணம் யோசித்த வரையில், அவன் நகரமைப்புப் பாடத்தில் பாதியைப் படித்துவிட்டான். மீதிப் பாதியை அவன் அம்மா கேட்டாள். திரைக்கு முன் குனிந்து, "நம்ம வீடு எங்கடா?" என்றாள். அவனிடம் பதிலில்லை. மஞ்சள் பென்சில் பிடித்திருக்கும் அதிகாரிகளிடமும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.