புல்லுக்கு உள்ள மரியாதை மனிதனுக்கு இல்லையா?

ஒருவர் பந்தை அடிக்கும்போது அருகில் நிற்பவர் பேசக்கூடாது, அசையக்கூடாது. ஒருவர் நிழல் மற்றவர் பந்து உருளும் பாதையில் விழக்கூடாது. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் பதிக்க வேண்டும். மணல்குழியில் இறங்கியவர் தம் கால் தடங்களை வாரி மட்டமாக்கிவிட்டுத்தான் கரையேற வேண்டும். பின்னால் வருகிறவர்கள் விரைவாக ஆடினால் அவர்களுக்கு வழிவிட வேண்டும். நடுவர் பார்க்காவிட்டாலும், தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்க வேண்டும்.

கோல்ப் விளையாட்டின் ஒழுக்க விதிகள் இவை. இவற்றை நாம் கேலி செய்யவில்லை. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பழக்கம் நாட்டிலே பரவினால் யாருக்கு நஷ்டம்? 2019ல் திருத்தி வெளியிட்ட விதிப் புத்தகத்திலும், நேர்மையாக ஆடு, பிறரை எண்ணி நட, மைதானத்தைப் பேணிக் காப்பாற்று என்ற மூன்றையும் முதல் விதியிலேயே வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான்.

ஆனால், 'பிறர்' என்றால் யார்? நம் கேள்வி இந்த ஒன்றுதான். கோல்ப் கிளப்புகளின் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்விக்கு அந்தக் கனவான்கள் அளித்த பதிலின் சரித்திரமே.

விதி எழுதியவர்களின் யோக்கியதை

கோல்ப் விளையாட்டுக்கு எழுத்து வடிவில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விதிகள் பதின்மூன்று. 1744ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக் கனவான்கள் எழுதியவை அவை. அவர்களது சங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. மியூர்பீல்டு மைதானம் அதற்குத்தான் சொந்தம்.

உலகத்துக்கு விதி எழுதிக் கொடுத்த இந்தச் சங்கம் 2016 மே மாதத்தில் ஓட்டெடுப்பு நடத்தியது. பெண்களை உறுப்பினராக்கலாமா, கூடாதா? இதுதான் ஓட்டுக்கு வந்த விஷயம்! எதிர்ப்பாளர்கள் காட்டிய காரணங்களைக் கேளுங்கள். பெண்கள் வந்தால் ஆட்டத்தின் வேகம் குறையுமாம். மதியச் சாப்பாட்டு ஏற்பாடு கெட்டுப்போகுமாம்! இருநூற்றெழுபது ஆண்டுகள் பழமை வாய்ந்த பாரம்பரியம் கடைசியில் ஒரு வேளைச் சாப்பாட்டில் போய் நின்றது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக் கிடைக்காமல் பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

மறு ஆண்டே, 2017 மார்ச்சில், அதே கனவான்கள் பெண்களுக்குக் கதவைத் திறக்க ஓட்டளித்தார்கள். இடையில் ஞானோதயம் ஏற்பட்டதா? இல்லை. கதவு திறக்காவிட்டால் புகழ்பெற்ற ஓபன் போட்டி அந்த மைதானத்தில் நடக்காது என்று விளையாட்டின் நிர்வாகக் குழு அறிவித்துவிட்டது. பாரம்பரியம் பறந்தது! அசைக்க முடியாதது என்று சொல்லப்பட்டது ஓர் ஆண்டில் அசைந்தது. இந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது.

கடல் தாண்டி அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர்களின் சங்கம், வெள்ளை இனத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தது. 1961 நவம்பரில்தான் அந்த வரியை அடித்தார்கள். அகஸ்டா நேஷனல் கிளப்பின் பெரும் போட்டியில் 1982 வரை ஆட்டக்காரர்களின் பைகளைச் சுமந்தவர்கள் அந்தக் கிளப்பின் கறுப்பின ஊழியர்கள். ஆனால் அந்தக் கிளப்பின் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்க்கப்பட்டது 1990ல். முதல் பெண் உறுப்பினர்கள் 2012ல். பை தூக்கும் தோள் கறுப்பாயிருக்கலாம், மேஜையில் சாப்பிடும் கை மட்டும் வெள்ளையாயிருக்க வேண்டும்! இதுதான் இவர்கள் கண்ட மரியாதை.

மழையில் ஒரு கோப்பை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியரின் வம்சத்தில் வந்தவர் பாப்வா சேவ்கோலும். சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் மக்களும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்ட அதே நேட்டால்தான். பிறருடைய பையைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர் பாப்வா. மட்டையைப் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்தார். அந்தப் பிடியோடு 1959லும் 1960லும் ஹாலந்து நாட்டு ஓபன் போட்டியில் வெற்றி பெற்றார்.

1963ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் போட்டி நடந்தது. வெள்ளையர்களை எதிர்த்து ஆடிய பாப்வா வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கனவான்கள் கிளப் மாளிகைக்குள் ஒதுங்கினார்கள். வெற்றி வீரருக்கு உள்ளே இடமில்லை, ஏனென்றால் அவர் வெள்ளையரல்ல! வெளியே, மழையில் நின்று கோப்பையை வாங்கினார் பாப்வா. அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போயிற்று. நிறவெறி ஆட்சியின் முகத்தை உலகம் பார்த்தது.

அன்று அந்த மைதானத்தில் ஒழுக்க விதி எதுவும் மீறப்பட்டதா? இல்லை. பந்தடிக்கும்போது யாரும் இருமியிருக்க மாட்டார்கள். பெயர்ந்த புல் பத்திரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். மனிதனை மட்டும் மழையில் நிறுத்தினார்கள். 1965ல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே பாப்வா தோற்கடித்தார். அதற்குப் பரிசாக, வெள்ளையர் போட்டிகளில் அவர் ஆடவே பின்னர் தடை விதித்தது அந்த அரசாங்கம்.

வேட்டியும் ஜெயின்செமும்

அது வெள்ளையன் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? துரைமார்கள் 1947ல் கப்பலேறினார்கள். அவர்களது கிளப் விதிகள் கப்பலேறவில்லை.

2014 ஜூலையில் சென்னையில் நடந்ததை நினைவுகூருங்கள். அது கோல்ப் கிளப் அல்ல, கிரிக்கெட் சங்கத்தின் கிளப். ஆனால் விதிப் புத்தகம் ஒரே அச்சில் வார்த்ததுதான். புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் சிறையும் அபராதமும் உண்டு, கிளப்பின் லைசென்சும் போகும்.

நல்லது. ஆனால் உடை ஒரு சாக்குத்தான் என்பதை 2017 ஜூனில் டில்லி கோல்ப் கிளப் நிரூபித்தது. மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண்மணி ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தம் வேலையின் பொருட்டு உடன் வந்தவர், முறையான விருந்தாளியாகச் சாப்பாட்டு அறையில் அமர்ந்திருந்தார். உடுத்தியிருந்தது ஜெயின்செம் என்னும் தம் மக்களின் பாரம்பரிய உடை. வேலைக்காரி போலத் தெரிகிறார், வெளியேறுங்கள் என்றார்கள்.

'வேலைக்காரி போல'! கவனியுங்கள், குற்றம் உடையில் இல்லை. உழைப்பாளி போலத் தோன்றுவதே குற்றம். நீதிபதியின் வேட்டிக்குச் சட்டம் வந்தது. ஆயாவின் முகத்துக்கு எந்தச் சட்டம் வரும்?

பிறர் நிழல் விழக்கூடாது என்ற விதி நமக்கும் புதிதல்ல. நிழல் பட்டாலே தீட்டு என்று சொன்ன நாடு இது. அக்கிரகாரத்துக் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றி, இங்கிலீஷில் எழுதிக் கிளப் வாசலில் மாட்டினால் அது நாகரிகமாகிவிடுமா?

பை சுமக்கிறவர்

கோல்ப் ஆட்டத்தில் பை தூக்குகிறவருக்குக் கேடி என்று பெயர். போலீஸ் பட்டியலில் இருக்கும் கேடி அல்ல. ஆனால் அவரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்படுகிறார். பதினெட்டுக் குழிகளுக்கும் பையைச் சுமக்கிறவர் அவர். புதருக்குள் போன பந்தைத் தேடுகிறவர், கொடிக்கம்பைப் பிடிக்கிறவர் அவர். எஜமானின் கால் தடத்தை மணல்குழியில் வாரி மட்டமாக்குகிறவரும் பெரும்பாலும் அவரே! ஒழுக்கம் உறுப்பினருடையது, உழைப்பு கேடியுடையது.

அவருக்குத் திறமை இல்லையா? டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991லும் 1993லும் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009ல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். இருந்தும் நாட்டில் பல மைதானங்களில் கேடிக்கு மாதச் சம்பளமில்லை, வைப்பு நிதியில்லை. ஆட்டம் இருந்தால் கூலி, மழை பெய்தால் பட்டினி. பறந்து வரும் பந்து மண்டையில் பட்டால் யார் பொறுப்பு? மரியாதைப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா?

யார் வீட்டு நிலம்?

'எங்கள் சங்கம் தனியார் சங்கம். எங்கள் வீட்டில் யாரை அனுமதிப்பது என்பது எங்கள் உரிமை' என்பார்கள். வீடு சரி, நிலம் யாருடையது?

டில்லியின் இருதயத்தில் இருக்கும் அந்தக் கோல்ப் மைதானம் அரசாங்கத்திடம் குத்தகைக்குப் பெற்ற நிலம். சென்னை ஜிம்கானா கிளப்பின் கோல்ப் ஆட்டமோ கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் நடந்து வந்தது. அந்தப் பந்தய கிளப்புக்கு 1945ல் சுமார் 160 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! குடிசை போடச் சென்டு நிலம் கேட்டு மனுக் கொடுப்பவன் காலம் முழுவதும் அலைகிறான். வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்ற கணக்கு 2023ல் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்தது. கிளப்புகள் வழக்குமன்றத்துக்கு ஓடின. மக்கள் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு மக்களுக்கே உடைச் சட்டம் போட இவர்கள் யார்?

எனவே நாம் கேட்பது இதுதான். உடையையும் முகத்தையும் தொழிலையும் பார்த்து மனிதனைப் பிரிக்கும் விதி எந்தக் கிளப்பில் இருந்தாலும் அது கிழித்தெறியப்பட வேண்டும். கேடிகளையும் புல்வெட்டும் தொழிலாளர்களையும் தொழிலாளர்களாகப் பதிவு செய்து, நிரந்தரக் கூலியும் காப்பீடும் வைப்பு நிதியும் தர வேண்டும். பொது நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளப்பும் நியாயமான வாடகை செலுத்தி, கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

புதிய விதி எதையும் நாம் எழுதச் சொல்லவில்லை. பிறரை எண்ணி நட என்ற அவர்களுடைய விதியை அவர்களே அனுசரிக்கட்டும். பெயர்ந்த புல்லைக் குனிந்து எடுத்துப் பதிக்கத் தெரிந்த கைக்கு, அந்தப் புல்லை வளர்த்தவனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போடவும் தெரிய வேண்டும். அவர்களாகச் செய்ய மாட்டார்கள் என்றால், மியூர்பீல்டு கதவு எப்படித் திறந்தது என்பது நமக்குத் தெரியும்!