கணக்கும் யந்திரமும்

திருச்சிராப்பள்ளி காந்தி சந்தையிலேனும் ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளிலேனும் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். கிலோ 480 ரூபாய் வீதம் 2 கிலோ 530 கிராம் மல்லிகைக்கு விலை கேட்டால், பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதித்திராத வியாபாரியும், "இரண்டரைக்கு 1,200, மீதிக்குப் பதினாலு சொச்சம்" என்று கூறிவிடுவார். மேல் வகுப்பு மாணாக்கனோ கைப்பேசியை எடுக்கிறான். புள்ளி ஓரிடம் தவறி 25.3 என்று அழுத்திவிட்டால் யந்திரம் 12,144 என்று காட்டும். அவ்விடை தவறென்று அவன் மனத்திற் படுமா? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலியோர் கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவரை ஆராய்ந்து, 2025-இல் 'நேச்சர்' பத்திரிகையில் தம் முடிவை வெளியிட்டனர். சந்தைச் சிறுவர் மனக்கணக்கில் வல்லவராயினும் ஏட்டுக்கணக்கில் தடுமாறுகின்றனர். பள்ளிச் சிறுவரோ சந்தைக் கணக்கில் தடுமாறுகின்றனர். 2024-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, இந்நாட்டுக் கிராமங்களில் 5-ஆம் வகுப்பு மாணாக்கருள் வகுத்தல் கணக்குச் செய்ய வல்லோர் நூற்றுக்கு 31 பேருக்கும் குறைவே. இக்குறையை யந்திரம் உண்டாக்கியது என்று நாம் பழிக்கவில்லை. குறையை மறைக்கும் திரையாக அது ஆகிவிடலாகாது என்பதே நமது அச்சம்.

பழமையை அப்படியே மீட்க வேண்டுமென்பது நமது கருத்தன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த சிறுவர், 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் மனத்திலேயே பகுத்தனர். 1957-இல் தசம நாணயம் வந்தபின் அவ்வாய்பாடுகள் பலவற்றிற்கு வேலையில்லை. பொருளறியா மனனம் அறிவுமன்று. ஆயினும் எண்ணின் அளவு அவர்கள் உள்ளத்தில் பதிந்திருந்தது. காக்கத்தக்கது அதுவே.

யந்திரம் கேட்டதற்கு விடை சொல்லும். எதைக் கேட்பதென்று சொல்லாது. தண்டல்காரர் 10,000 ரூபாய் கடனென்று எழுதி, 8,500 மட்டும் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிக்கிறார். 1,500-ஐ 10,000-ஆல் வகுத்து, வட்டி நூற்றுக்கு 15 என்று திருப்தியடைபவன் அழுத்திய பொத்தான்கள் யாவும் சரியே. ஆனால் கெடு 100 நாளே என்பதையும், அசல் நாடோறும் குறைந்து வருவதையும் கருதினால், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ரூபாய்க்கு மேலாகும்! இதனை உணராத ஜனங்கள் வோட்டுரிமை பெற்றிருந்தும் பிறர் எழுதும் கணக்கிற்கு அடிமைகளே.

இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுவருக்கான தேசீயப் பரீட்சையில் 2014 முதல் கணிப்பானை விலக்கிவிட்டனர். இங்கும் ஆரம்ப வகுப்புகளுக்கு மனமும் தாளும் போதும். மேல் வகுப்புகளில் யந்திரம் தாராளமாக வரட்டும். ஆனால் பொத்தானை அழுத்துமுன் உத்தேச விடையை மாணாக்கன் எழுதவேண்டும். அதற்கும் மதிப்பெண் அளிக்கவேண்டும். இதற்குக் காசு செலவில்லை. கல்வி இலாகாவின் உத்தரவுக்குக் காத்திராமல், மலைக்கோட்டை அடிவாரத்துப் பள்ளிகளிலும் ஸ்ரீரங்கத்துப் பள்ளிகளிலும் உள்ள உபாத்தியாயர்கள் நாளைய வகுப்பிலேயே இதனைத் தொடங்கலாம்.