சாம்பலும் கரியும்

போகியன்று அதிகாலைத் திருப்பலிக்குக் கே.கே. நகர்த் தெருக்களில் நடந்து வருவோர் கண்களைக் கசக்கிக்கொண்டே வருவர். சென்ற போகியன்று அப்புகையை நாம் கடிந்து பேசியபோது, பங்கின் பெரியவர் ஒருவர், "சாமி, ஊரிலே எங்கள் தோப்பில் மாதந்தோறும் போகிதான்" என்றார். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பக்கம் அவருக்குச் செம்மண் நிலமும் தென்னந்தோப்பும் உண்டு. மட்டை, பாளை, கடலைத்தோல் யாவும் அங்கே தீக்கிரையாகின்றன. மண்ணோ ஆண்டுக்காண்டு இளைக்கிறது. விற்றுவிடலாம் என்கிறான் மகன்.

கொளுத்துவதால் நேர்வது யாது? பயிர் காற்றிலிருந்து ஈர்த்த கரி, வாயுவாகி வானுக்கே திரும்புகிறது. எஞ்சுவது ஒரு கைப்பிடிச் சாம்பல். அதே மட்டையைக் காற்று மட்டுப்பட்ட நெருப்பில் வேகவைத்தால், அக்கரியில் ஏறக்குறையப் பாதி திடப்பொருளாக நின்றுவிடும். இதனையே உயிர்க்கரி என்பர். மண்ணிற் கலந்தபின் நூற்றாண்டுக் கணக்கில் அது மக்காது. தன் நுண்துளைகளில் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும்.

இது புதுமையன்று. 1541-42இல் அமேசான் ஆற்றுவழி சென்ற தொமினிக்கன் சபைத் துறவி காஸ்பார் தெ கார்வகால், கரையெங்கும் மக்கள் நிறைந்த ஊர்களைக் கண்டதாக எழுதினார். நெடுங்காலம் பலர் அதை நம்பவில்லை. ஆயின் அக்கரையோரங்களில், பழங்குடியினரின் அடுப்புக்கரியும் குப்பையும் சேர்ந்து விளைந்த கருமண் இன்றும் வளங்குன்றாமல் இருக்கிறது. நம் இராமநாதபுரச் சீமையிலும் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதை அறிவோம். காற்றை அடக்கினால் கரி மிஞ்சும் என்பதே அங்கும் நுட்பம்.

செய்முறை எளிது. வாய் அகன்று அடி குறுகிய குழி வெட்டி, அடியில் காய்ந்த சுள்ளிகளை மூட்டவேண்டும். மேற்பரப்பில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் சுவாலை, கீழுள்ள கரிக்குக் காற்று செல்லாமல் காக்கும். குழி நிறைந்தபின் நீர் ஊற்றி முற்றிலும் அணைத்துவிடுக. ஈரமான மட்டை புகையைத்தான் தரும்.

எச்சரிக்கையும் தேவை. வெறுங்கரியை இட்டால் முதலில் அதுவே சத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொழுவுரத்தோடு சில வாரம் ஊறவைத்தே இடவேண்டும். கரி காரத்தன்மை உடையது. ஆதலால் களர் நிலத்தார் மண்ணைப் பரிசோதிக்காமல் இடலாகாது. மாட்டுக்குரிய வைக்கோலைக் கரியாக்குவதும், இதற்கென மரம் வெட்டுவதும் அறமாகா. நகரத் தெருக்களில் குழி மூட்டுவதும் வேண்டாம்.

உலகின் புகை முழுவதையும் இக்குழி விழுங்கிவிடாது. ஆயினும் அதே மட்டை, அதே நெருப்பு. மூடத் தெரிந்த கை ஒன்றே வேறுபாடு. பெரியவர் தம் மகனை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். விற்கும் பேச்சுக்கு முன் ஒரு மூலையில் ஒரு குழி வெட்டிப் பார்க்கட்டும். ஊரில் நிலமுடைய நம் குடும்பங்களும் அவ்வாறே செய்யலாமன்றோ?