"மன்னிச்சிரு" என்று சொல்ல நீங்கள் யார்?

ஒரு பிள்ளை சபைக்கு வந்து, "அந்த அண்ணன் என்னைத் தொட்டாரு, எனக்குப் பிடிக்கல" என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன பதில் கிடைக்கும்? பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். முதலில், "நீ ஏன் தனியா போன?" அப்புறம், "ஜெபம் பண்ணுவோம்." கடைசியில், "மன்னிச்சிரு, வெளிய சொல்லாத, சபைக்குக் கெட்ட பேரு." அவ்வளவுதான். அந்த அண்ணன் அடுத்த ஞாயிறும் கிட்டார் வாசிப்பார். பிள்ளைதான் சபைக்கு வராமல் போவாள்.

நாங்கள் ஜெபத்துக்கு எதிரிகள் இல்லை. மன்னிப்புக்கும் எதிரிகள் இல்லை. ஆனால் மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம். எப்போது, எப்படி, மன்னிப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் இன்றைக்குப் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று கேட்பதற்கு முன்னமே மன்னிப்பைப் பற்றிப் பேசுகிற சபை, தொட்டவனுக்குத்தான் ஊழியம் செய்கிறது.

தோட்டத்தில் இது இன்னும் பாரதூரமான விஷயம். லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு. ஒரு காம்பராவில் அழுதால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், பிள்ளை பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும். மலையில் தொந்தரவு செய்கிறவர் கங்காணி என்றால், முறைப்பாடு கொண்டுபோகிற ஆபீசில் அவரும் நிற்பார். தோட்டத் தலைவர் அவருக்கே சொந்தக்காரராக இருப்பார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் அப்பால், ஒரு பெண்பிள்ளை தனியாகப் போய்வர வீட்டில் விடுகிற இடம் பல தோட்டங்களில் கோயிலும் சபையும்தான். அங்கேயும் வாயை மூடச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

"வேதத்திலேயே இருக்குதே, மத்தேயு 18: உன் சகோதரன் தப்புப் பண்ணினால் தனியாகப் போய்ப் பேசு" என்பார்கள். அது 15ஆம் வசனம். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? சிறியவர்களை இடறச் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே மேல் என்று அங்கே இயேசு சொல்கிறார். 15ஆம் வசனம் சமமாக நிற்கிற இரண்டு பேருக்குச் சொன்னது. பதினாறு வயதுப் பிள்ளையை, தன்னைத் தொட்ட நாற்பது வயது ஆளிடம் தனியாகப் போய்ப் பேசு என்று அனுப்புவதற்குச் சொன்னது இல்லை.

2 சாமுவேல் 13ஐயும் வாசியுங்கள். அம்னோன் நோயாளி மாதிரி நடித்து, தங்கை தாமாரைச் சமைத்துத்தரக் கூப்பிட்டுக் கெடுக்கிறான். தாமார் மௌனமாக இருக்கவில்லை. தலையில் சாம்பலைப் போட்டு, உடையைக் கிழித்து, சத்தமாக அழுதுகொண்டு போகிறாள். அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னது கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம். தகப்பன் தாவீது ராஜாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் அம்னோனை அவர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்ல வைக்கிறான். மூடி மறைத்ததால் அந்தக் குடும்பம் பிழைக்கவில்லை. இந்த அதிகாரத்தை நம் ஞாயிறு ஆராதனையில் எத்தனை தடவை பிரசங்கமாகக் கேட்டிருக்கிறீர்கள்?

அடுத்த சாட்டு: "இங்க நாம சிறுபான்மை. இது வெளிய போனா சபையையே மூட வச்சிருவாங்க." இந்தப் பயம் பொய் இல்லை, எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். ரவி சகரியாஸ் 1946இல் சென்னையில் பிறந்தவர். உலகம் முழுக்கப் பேர்பெற்ற பிரசங்கியார், நம் வாலிபர் கூட்டங்களிலும் தெரிந்த பேர். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மேல் குற்றம் சொன்னபோது, அவர் அந்தப் பெண்மீதே வழக்குப் போட்டார். அவருடைய அமைப்பு அவர் பக்கம் நின்றது. 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பெப்ரவரியில், அதே அமைப்பு நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. மசாஜ் வேலை செய்த பெண்களிடம் அவர் பல வருஷமாக நடந்துகொண்ட விதம் அதில் இருந்தது. நீ வாயைத் திறந்தால் இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழப்பதற்கு நீயே பொறுப்பு என்று அவர் எச்சரித்ததாக ஒரு பெண் சொல்லியிருந்தார். அமைப்பு பிறகுதான் மன்னிப்புக் கேட்டது. "சபைக்குக் கெட்ட பேரு" என்று நம் ஊரில் சொல்வதும் இந்த மிரட்டலும் ஒன்றுதான். கெட்ட பேரைக் கொண்டுவந்தது தொட்ட கை. அதைச் சொன்ன வாய் இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை கிடைக்கலாம். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் வேலைத்தலத்திலோ வேறு எந்த இடத்திலோ விரும்பாத பாலியல் சீண்டல் செய்தாலும் அது பொருந்தும். "வேறு எந்த இடம்" என்பதில் சபையும், ஜெபக்கூட்டம் நடக்கிற வீடும், ஞாயிறு பாடசாலை வேனும் அடங்கும்.

அப்படியானால் சபை என்னதான் செய்ய வேண்டும்? முதலில் நம்ப வேண்டும். "உன்மேல தப்பு இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னதைப் பத்துப் பேர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. தொட்டவரையும் அவளையும் ஒரே அறையில் முழங்கால் போட வைத்து, கை குலுக்க வைக்கிற "ஒப்புரவு" வேலையை நிறுத்த வேண்டும். ஜெபிக்க வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டு ஜெபிக்க வேண்டும். தலையில் கை வைக்கலாமா என்றும் கேட்க வேண்டும். விரும்பாத கை ஒன்று தன்மேல் பட்ட பிறகு, பாஸ்டருடைய கை என்றாலும் உடம்பு திடுக்கிடும். அது அவிசுவாசம் இல்லை. கொஞ்ச நாள் அவளால் ஜெபிக்க முடியாவிட்டாலும் குற்றம் சொல்லாதீர்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கடவுளிடம் கோபப்படவும் அங்கே இடம் இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களுக்கே இப்படி நடந்திருந்தால், தங்கச்சி, தம்பி, அது உங்கள் தப்பு இல்லை. பையன்களுக்கும் நடக்கிறது, அதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்புகிற ஒருவரிடம் சொல்லுங்கள். மெசேஜ் வந்திருந்தால் அழிக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1929, பெண்கள் என்றால் 1938க்கு அழைக்கலாம். பல அரச ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்ற பிரிவு இருக்கிறது, சிங்களத்தில் "மித்துரு பியச". பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. யாராவது கூட வந்தால் நல்லது. அந்த "யாராவது" சபையிலிருந்து வர வேண்டும் என்பதுதான் எங்கள் சண்டை.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாருடைய அனுமதியோடும் பணத்தோடும்தான் லயங்களுக்கு வந்தது. மேலே இருக்கிறவரைச் சங்கடப்படுத்தாமல் பேசுகிற பழக்கம் அன்றைக்கு ஒட்டியது, இன்னும் போகவில்லை என்பது எங்கள் எண்ணம். ஆனால் ஊவாவுக்கு வேறொரு கதையும் உண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, தானே விரும்பி இங்கே வந்தார். இல்லாதவர் பக்கம் நிற்பது இந்த மலைக்குப் புதிது இல்லை.

ஆகவே வாலிபர்களே, இந்த ஞாயிறு உங்கள் பாதரிடமும் பாஸ்டரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நம் சபையில் இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் அதை யாரிடம் சொல்வது, அதில் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா? விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பீர்களா? பொலிஸுக்குப் போக வேண்டும் என்றால் கூட வருவீர்களா? குருமார்மீதான முறைப்பாடுகளைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எளிதாக அணுகக்கூடிய வழி இருக்க வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019இலேயே சட்டம் போட்டார். கத்தோலிக்கர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை ஆலய வாசலில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும்வரை ஒவ்வொரு ஞாயிறும் கேளுங்கள்.