அந்தப் புல்டோசரைக் காயலான் கடைக்கு அனுப்பலாமா?

வடசென்னைக்காரர் தம் ஊர்ப் பெருமையைப் பேசத் தொடங்கினால் அது இயந்திரத்தில் போய்த்தான் நிற்கும். தென்னாட்டின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையம் எங்களுடையது என்பார். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்த திருவொற்றியூர் என்பார். எண்ணூரில் லேலண்டு லாரி, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, துறைமுகத்தில் வானளாவிய பளுதூக்கிகள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இதுவரை ஒருவரும் சேர்க்காத இயந்திரங்கள் சில உண்டு. கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் பகலும் இரவும் உறுமிய புல்டோசர்களும் பொக்லைன்களுமே அவை. அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முகம் சுளிக்க வேண்டாம், நண்பர்களே!

கொடுங்கையூர் மேடு சுமார் நாற்பது ஆண்டுகளில் வளர்ந்தது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர், அண்ணா நகர் என நகரின் வடபாதி வீடுகளில் கழிந்ததெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 250 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை கிடப்பதாகக் கணக்கிட்டு, அதை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை மாநகராட்சி 2024ஆம் ஆண்டில் தொடங்கியது. பெருங்குடியில் அதற்கு முன்னரே இவ்வேலை தொடங்கிவிட்டது. மேடு கரையும் காலத்தில் அதை வளர்த்த இயந்திரங்களும் ஏலத்திற்குப் போய், காயலான் கடையில் எடைக்கு எடை விலையாகிவிடும். அப்படிப் போகவிடக் கூடாது, குறைந்தது ஒன்றையேனும் அந்த மண்ணிலேயே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. இதைக் கேட்ட என் வகுப்புத் தோழர் ஒருவர், “நாற்றத்திற்குச் சிலை வைக்கச் சொல்கிறாயா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த இயந்திரம் என்ன செய்தது என்று பார்ப்போம். லாரி மேட்டின் மேல் ஏறிக் குப்பையைக் கொட்டிவிட்டு இறங்கிவிடும். கொட்டியது கொட்டியபடி கிடந்தால் அடுத்த லாரிக்கு வழியில்லை. சங்கிலிச் சக்கரம் பூட்டிய புல்டோசர் அதைத் தன் இரும்புத் தகட்டால் தள்ளும், பரப்பும், தன் எடையாலேயே அமுக்கும். முறைப்படி நடக்கும் குப்பைக் கிடங்கில் இதற்கென்றே பல் வைத்த எஃகுச் சக்கர வண்டி இருக்கும். மெல்லிய அடுக்குகளாக அமுக்கி, நாள் முடிவில் மேலே மண் போட்டு மூடுவார்கள். அடியில் கழிவுநீர் இறங்காதபடி விரிப்பும் இருக்கும். நமக்கு விரிப்பும் இல்லை, மண் மூடலும் இல்லை. தள்ளுவது மட்டுமே வேலை என்று ஆகிப்போனது. தள்ளத் தள்ள மேடு வளர்ந்தது. வளர வளர, தள்ளுவதற்கு இன்னும் உயரம் ஏற வேண்டியதாயிற்று.

மண்ணை வெட்டும் புல்டோசருக்குப் பாறைதான் பகை. குப்பையில் உழலும் புல்டோசருக்கோ கம்பியும், கிழிந்த சேலையும், பிளாஸ்டிக் பையும் பகை. கம்பி சங்கிலியில் சுற்றிக்கொண்டு எண்ணெய் கசியாமல் காக்கும் வளையத்தை அறுத்துவிடும். பைகள் ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டிக்கொண்டு எஞ்சினைக் கொதிக்க வைக்கும். குப்பைக்குள் ஊறும் கருநீர் இரும்பைத் தின்னும். மேட்டின் அடியில் புகைந்துகொண்டே இருக்கும் நெருப்பு வேறு. மேலைநாடுகளில் குப்பைக் கிடங்குக்கென்றே தனியாகச் செய்த வண்டிகளில், காற்றைத் திருப்பி ஊதி ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் விசிறியும், காற்றை வடிகட்டி உள்ளே விடும் மூடிய அறையும் உண்டு. எஞ்சினுக்கே மூச்சு முட்டும் இடத்தில் திறந்த இருக்கையில் எட்டு மணி நேரம் உட்காரும் மனிதனின் நுரையீரல் என்ன பாடுபடும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பொக்லைன் என்ற பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியின் மண்வாரியை எல் அண்ட் டி நிறுவனம் நம் நாட்டில் செய்து விற்றது. இன்று ஹிட்டாச்சி வந்தாலும் டாட்டா வந்தாலும் நம் தெருவில் அது பொக்லைன்தான். மாடு எந்த ஊர்ச் சந்தையில் பிடித்ததானாலும் மாடுதானே! அதுபோல, குப்பை ஏற்றிய லாரிகளில் பல எண்ணூரில் பிறந்த லேலண்டு வண்டிகளே. எண்ணூரில் பிறந்து, ராயபுரத்தில் குப்பை ஏற்றி, கொடுங்கையூரில் கொட்டியது என்றால், ஒரு லாரியின் வாழ்க்கை முழுவதும் வடசென்னைக்குள்ளேயே அடங்கிவிட்டது எனலாம்.

உலகில் மூடப்பட்ட குப்பைக் கிடங்குகளில் பெயர் பெற்றது நியூயார்க் நகரத்து ஃபிரெஷ் கில்ஸ். 1948இல் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று தற்காலிகமாகத் தொடங்கினார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான் போலும்! 53 ஆண்டுகள் கழித்து, 2001 மார்ச்சில்தான் மூடினார்கள். சுமார் 2,200 ஏக்கர். 1980களின் நடுவில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை வந்து இறங்கியது. குப்பை அங்கே படகில் வரும். கரையில் நிற்கும் பளுதூக்கி தன் இரும்பு வாயால் அதை அள்ளி, சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய தொட்டி வண்டிகளில் போடும். அவற்றை டிராக்டர்கள் மேட்டின் மேல் இழுத்துச் செல்லும். படகும் பளுதூக்கியும் வரிசை வண்டிகளுமாக, பார்த்தால் நம் துறைமுகம் போலவே இருந்திருக்கும்.

மூடிய சில மாதங்களிலேயே அதை மீண்டும் திறக்க வேண்டி வந்தது. 2001 செப்டம்பர் 11இல் இடிந்த இரட்டைக் கோபுரங்களின் இடிபாடுகள் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அங்கேதான் வந்தன. அப்போது அந்த மேட்டில் நடந்தது புதைக்கும் வேலை அல்ல. சல்லடை இயந்திரங்களும் ஓடும் பட்டைகளும் வைத்து, இறந்தவர்களின் எச்சங்களையும் உடைமைகளையும் தேடிப் பத்து மாதம் சலித்தார்கள். அதே மேடு, அதே வகை இயந்திரம். ஆனால் தேடுவது மனிதரை என்று தெரிந்ததும் இயந்திரத்தின் நடையே மாறிவிட்டது. இதை நாம் மறக்கக் கூடாது. இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அதன் முன்னால் இருப்பவர் யார் என்று நாம் நினைப்பதே தீர்மானிக்கிறது.

கொடுங்கையூரில் புல்டோசருக்கு முன்னால் இருந்தவர்கள் யார்? கையில் கொக்கியும் தோளில் சாக்குமாக நின்ற ஆண்கள், பெண்கள், சில காலம் சிறுவர்களும்கூட. லாரி கொட்டிய கணத்துக்கும் புல்டோசர் தள்ளும் கணத்துக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களே அவர்களுடைய வேலை நேரம். அதற்குள் இரும்பு, செம்பு, பாட்டில், பிளாஸ்டிக், எலும்பு என்று பிரித்து எடுத்துவிட வேண்டும். நாற்பது ஆண்டுகளில் அங்கே வந்த இயந்திரங்கள் எல்லாம் தள்ளவும் அள்ளவும் புதைக்கவுமே வந்தவை. பிரிக்கும் இயந்திரம் ஒன்றுகூட நெடுங்காலம் வரவில்லை. பிரித்தவை கைகள் மட்டுமே. கூலி கொடுக்காத, கையுறை கொடுக்காத ஒரு நகரத்திற்காக அந்தக் கைகள் பிரித்தன.

இப்போதுதான் பிரிக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. பொக்லைன் மேட்டை வெட்டி நீள வரப்புகளாகப் போடும். அதன்மேல் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டி உலர வைப்பார்கள். பிறகு சுழலும் பெரிய உருளைச் சல்லடையில் ஏற்றினால் மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம் என்று பிரியும். மண் பள்ளங்களை நிரப்பப் போகும். எரியக் கூடியது கட்டுக் கட்டாகச் சிமெண்டு ஆலைகளின் சூளைக்குப் போகும். மழை பெய்தால் ஈரக் குப்பை சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும். மழைக்குக் கொக்கிக்காரர்கள் வேலையை நிறுத்தியதில்லை.

என் மனத்தை அறுக்கும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. நாற்பது ஆண்டு கையால் பிரித்தவனை, பிரிக்கும் இயந்திரம் வந்த நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்துவதா? எந்தப் பிளாஸ்டிக் எரியும், எது உருகும், எது விலைபோகும் என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லக் கூடியவர்கள் அவர்கள். திடக்கழிவு மேலாண்மைக்காக 2016இல் வந்த மத்திய அரசின் விதிகளும், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து இந்தப் பணியோடு இணைக்க வேண்டும் என்றே கூறின. அந்த வரியை நான் இப்படிப் படிக்கிறேன்: சல்லடையின் பட்டையருகே நிற்கும் வேலை அவர்களுக்கு, பொக்லைனின் இருக்கை அவர்களுடைய பிள்ளைகளுக்கு. பொக்லைன் ஓட்டப் பட்டம் வேண்டியதில்லை. சில மாதப் பயிற்சியும் உரிமமும் போதும். ஊருக்கு ஊர் ஓட்டுநர் தேவை இருக்கும் தொழில் அது. கொடுங்கையூர் வேலை முடிந்தாலும் அந்தத் தொழில் கையில் இருக்கும். தையல் இயந்திரமும் இட்லிப் பாத்திரமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட இது மேல் அல்லவா?

இன்னோர் இயந்திரமும் வாசலில் காத்திருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அதே இடத்தில் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2025 மே மாதம் அப்பகுதி மக்கள் அதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அனல் மின் நிலையங்களின் சாம்பலையும் மணலியின் வாயுவையும் ஏற்கெனவே சுவாசிக்கும் பகுதி இது. எரிக்கும் ஆலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும். தீனி குறையக் கூடாது என்பதற்காகவே குப்பை குறையக் கூடாது என்ற நிலை வரும். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான சமையலறைக் கழிவு. அதை எரிப்பதும் ஈர விறகில் அடுப்பு மூட்டுவதும் ஒன்றே. ஆகவே அந்த இயந்திரம் வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன். ஃபிரெஷ் கில்ஸில் மேட்டை மூடி, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாயில் பிடித்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள், 2023இல் பூங்காவின் ஒரு பகுதியைத் திறந்தார்கள். நம் மேட்டுக்கு அதே வழி பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. மேட்டை அப்படியே விடுவதிலும் ஆபத்து உண்டு. கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே கொட்டுவதை நிறுத்தினார்கள்.

இனி, தோழர் கேட்ட சிலைக்கு வருவோம். மியர்ல் லேடர்மன் யூகலஸ் என்ற கலைஞர் 1979-80இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர் சுமார் 8,500 பேரையும் ஒருவர் விடாமல் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அதையே தம் கலைப் படைப்பு என்றார். கேட்பவர்க்கு முதலில் சிரிப்பு வரும். அந்த 8,500 கைகளில் எத்தனை கைகளை அதற்கு முன் யாராவது பிடித்திருப்பார்கள் என்று எண்ணினால் சிரிப்பு அடங்கும். நான் கேட்பதும் அத்தகைய ஒன்றே. பீடம் வேண்டாம், மாலை வேண்டாம். மீட்ட நிலத்தில் பூங்கா வந்தால், பழைய புல்டோசர் ஒன்றை வர்ணம் பூசாமல், சங்கிலியில் சிக்கிய கம்பியோடு, தரையிலேயே நிறுத்துங்கள். பிள்ளைகள் ஏறி அந்தத் திறந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அருகே ஒரு கொக்கியும் ஒரு சாக்கும் வையுங்கள். அவை இல்லாமல் புல்டோசர் மட்டும் நின்றால், நான் சொன்னதில் பாதி பொய்யாகிவிடும்.

வரலாற்றுத் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹம்பிக்கும் மாமல்லபுரத்துக்கும் ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துச் செல்கிறீர்கள், மகிழ்ச்சி. இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமைக் கொடுங்கையூரில் வையுங்கள். அந்த மேட்டில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்களும், கொக்கி பிடித்து முதுகு வளைந்தவர்களும் எழில் நகர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்த வண்டி வந்தது, எங்கே தீப்பிடித்தது, எவர் சக்கரத்தில் சிக்கினார் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. எழுதிக்கொள்ள நோட்டும், குரலைப் பதிய ஒரு கைப்பேசியும் போதும். பகலில் அவர்களுக்கு வேலை இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் பேசுவார்கள்.