நிலாப் பள்ளத்துக்குப் பெயர் வைப்பது யார்?

திருச்சியில் பிறந்த ஒருவரின் பெயரில் நிலாவில் ஒரு பள்ளம் இருக்கிறது, தெரியுமா? நம்ம சர் சி.வி. ராமன்தான்! அகலம் சுமார் 10 கி.மீ. முன்பு அதை 'ஹெரோடோட்டஸ் டி' என்றுதான் அழைத்தார்கள். பக்கத்துப் பெரிய பள்ளத்தின் பெயரோடு ஓர் எழுத்து. ரயில் பெட்டி நம்பர் மாதிரி.

இந்தப் பெயர்களை முடிவு செய்வது சர்வதேச வானியல் ஒன்றியம். நிலாவில் பெரிய பள்ளம் என்றால் மறைந்த விஞ்ஞானிகள், அறிஞர்கள் பெயர். குட்டிப் பள்ளம் என்றால் சும்மா ஓர் ஆள் பெயர். 'ரவி' என்றே ஒன்று உண்டு. எந்த ரவி என்று தேடாதீர்கள், அது பொதுவான இந்தியப் பெயர், அவ்வளவே.

சரி, விஷயத்துக்கு வருவோம். மூன்று சந்திரயான்களும் (2008, 2019, 2023) கிளம்பியது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் தீவு அது. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. நாம் டிவி முன்னால் கைதட்டுகிறோம், அவர்களுக்கு அன்றைய வருமானம் போச்சு.

அப்படியானால் ஒரு நிலாப் பள்ளத்துக்குப் 'பழவேற்காடு' என்று வைக்கலாமே? எனக்கும் ஆசைதான். ஆனால் விதி இடம் தராது. நிலாப் பள்ளங்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பதில்லை. செவ்வாயில் வைக்கிறார்கள். அங்கே சிறிய பள்ளங்களுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களின் பெயர். 2025ல் கேரளத்தின் தும்பா அப்படித்தான் செவ்வாய்க்குப் போனது. அதுவும் மீனவர் ஊர்தான். 1963ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம்.

ஆனால் தும்பாவுக்கு அந்த இடம் மனு போட்டுக் கிடைக்கவில்லை. செவ்வாயை ஆராய்ந்த கேரளத்துக்காரர்கள் முன்மொழிந்தார்கள். ஆராய்ச்சிக்குப் பெயர் தேவைப்பட்டால்தான் ஒன்றியம் பெயர் வைக்கும்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பட்டியலில் இருப்பவருக்குத்தான் முறை வரும். வானத்துப் பெயர்களும் அப்படித்தான்! பட்டியலில் நம் ஆள் வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். ராக்கெட் நாளில் இழக்கும் கூலியை முதலில் கொடுங்கள். அந்தக் குப்பத்துப் பள்ளிகளுக்கு நல்ல தொலைநோக்கியும் அறிவியல் ஆசிரியரும் கொடுங்கள். பெயரை அந்தப் பிள்ளைகளே வைத்துக்கொள்வார்கள்.