பொதுக் கோப்புறை யாருக்கு உரியது?

வைட்ஃபீல்ட் தோன்றியது 1882-ல், மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் யூரேஷிய, ஆங்கிலோ-இந்தியச் சங்கத்திற்கு அளித்த நிலத்தில். நிலத்தைப் பெற்றது தனிமனிதர் அன்று, சங்கம். இன்று கணிப்பொறி நிறுவனங்கள் மலிந்த அவ்வூரின் இப்பழைய ஏற்பாடு, பள்ளிகளும் கள அலுவலகங்களும் வைத்திருக்கும் பொதுக் கோப்புறைகளுக்கும் பொருந்துவதாகும்.

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் ஒருவரும் குழு ஒன்றும் உண்டு. மற்றையோர் மூன்றாம் வகுப்பினர். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த இயலாதபோது, பலர் 777 என அமைத்து எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. கோப்பை நீக்கும் உரிமை அக்கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. கோப்புறையில் எழுதும் அனுமதியையே பொறுத்தது. மதிப்பெண் பட்டியலையோ மழையளவுக் குறிப்பையோ படிக்க மட்டுமே இயலுமாறு வைத்திருப்பினும், அக்கணிப்பொறியில் கணக்குள்ள எவரும் அதனை அழித்துவிடலாம்.

செய்யத்தக்கது, கோப்புறையைக் குழுவின் உடைமையாக்கி 2770 என அமைப்பதே. முதலில் நிற்கும் 2, உள்ளே தோன்றும் புதிய கோப்புகளுக்கு எழுதியவரின் குழுவை விடுத்துக் கோப்புறையின் குழுவையே அளிக்கும். குழுவினர் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க இயலும் என்பது மெய்யே. அவ்வளவு நம்பிக்கையும் இல்லாதார்க்குப் பொதுக் கோப்புறை எதற்கு?

பலர் இத்துடன் நின்றுவிடுகின்றனர். யூமாஸ்க் 022 ஆயின் குழுவினர் புதிய கோப்பைப் படிக்கலாமேயன்றித் திருத்த இயலாது. அதனை 007 ஆக்குதல் வேண்டும். வேறிடத்திலிருந்து நகர்த்திய கோப்புகளோ பழைய குழுவையே சுமந்துவரும். அவற்றைத் தனியே மாற்றுதல் வேண்டும்.